ஊர்ப் பாட்டும் அடுத்தவன் வயலும்

எமது பாடசாலையின் எழுபத்தைந்தாவது ஆண்டு நிறைவு விழாவுக்கு ஊரைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று அதிபர் கேட்டார். "ஊர்ர பெருமையெல்லாம் வரணும் மாஸ்டர். புள்ளைகள் பாடக்குள்ள கேக்கிற ஆக்களுக்கு நெஞ்சு நிமிரணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று கிழமைகளாகியும் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

சொல் வராததல்ல காரணம். ஒரு கேள்வி குறுக்கே நின்றது. நான் பிறந்த ஊரைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? குளத்தை நான் வெட்டவில்லை. வயலை நான் திருத்தவில்லை. பள்ளிவாசலைக் கட்டியவர்கள் கபுறடிக்குப் போய் நெடுங்காலமாகிவிட்டது. இங்கே பிறந்தது என் முயற்சியால் நடந்ததுமல்ல. உழைத்துப் பெறாத ஒன்றைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துவது சரிதானா? பெருமை என்ற குணத்தையே எமது மார்க்கம் கடுமையாக எச்சரிக்கிறது. ஆனால் ஊர் மீதுள்ள நேசம் பொய்யுமல்ல. நாலு நாள் வெளியே தங்கினால் அது நெஞ்சுக்குள் கிடந்து குடைவதை யார்தான் அறியார்? அப்படியாயின் ஊர்ப்பற்று ஒரு நற்பண்பா, அல்லது நாம் செல்லங்கொடுத்து வளர்க்கும் ஒரு பலவீனமா?

இந்தக் கேள்வியோடு திரிந்த நாட்களில்தான் ஜப்பானிய மாகாணமொன்றின் பாட்டு எனக்கு அறிமுகமாயிற்று. அது என்னைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது எந்த அரண்மனையிலும் பிறக்கவில்லை, படைமுகாமிலும் பிறக்கவில்லை. என்னைப் போன்றவர்களை உருவாக்கும் ஓர் ஆசிரியர் கலாசாலையில் அது பிறந்தது.

ஜப்பானின் நடுவே, கடலைத் தொடாமல், மலைகளுக்கிடையே கிடக்கும் மாகாணம் நகானோ. அதன் பழைய பெயர் ஷினானோ. "ஷினானோ நோ குனி" என்றால் ஷினானோ நாடு என்று பொருள். அங்கிருந்த கல்விச் சங்கமொன்று பிள்ளைகளுக்குத் தம் பிரதேசத்தின் புவியியலையும் வரலாற்றையும் பாட்டாகக் கற்பிக்க விரும்பியது. நகானோ ஆசிரியர் கலாசாலையில் கற்பித்துக்கொண்டிருந்த அசாய் என்பவர் 1899 இல் அதற்கான சொற்களை எழுதிக் கொடுத்தார். அதே கலாசாலையின் இசையாசிரியர் கித்தமுரா சுவேஹரு 1900 இல் அதற்கு இப்போதுள்ள மெட்டை அமைத்தார். கலாசாலையின் விளையாட்டு விழாவில் மாணவிகள் அதைப் பாடி ஆடினார்கள். பயிற்சி முடித்து வெளியேறிய ஆசிரியர்கள் தாம் நியமனம் பெற்ற மலைக்கிராமங்களுக்கெல்லாம் அதைக் கொண்டுசென்றார்கள். அரச ஆணை எதுவுமில்லாமல், ஆசிரியர் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கும், பிள்ளை வாயிலிருந்து வீட்டுக்கும் அது பரவியது. மாகாண நிர்வாகம் அதைத் தனது உத்தியோகபூர்வப் பாடலாக அறிவித்தது 1968 இல்தான். அதற்குள் அது எழுபது வயதை நெருங்கிவிட்டிருந்தது.

ஆறு சரணங்கள் கொண்ட அந்தப் பாட்டை ஒரு பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் என்றே சொல்லலாம். முதலில் எல்லைகளும் நான்கு சமவெளிகளும் வருகின்றன: மத்சுமோத்தோ, இனா, சாக்கு, ஸென்கோஜி. கடல் இல்லை என்பதை அது மறைக்கவில்லை. இல்லாததைச் சொல்லிவிட்டு இருப்பதைச் சொல்கிறது. அடுத்து மலைகளும் ஆறுகளும். வடக்கே பாய்வன இரண்டு, தெற்கே பாய்வன இரண்டு. பின்னர் கீசோவின் காட்டு மரம், சுவா ஏரி, வீடுதோறும் வளர்க்கப்பட்ட பட்டுப்புழு. நான்காம் சரணத்தில் மெட்டு மாறி மெதுவாகிறது. பழைய கவிதைகளில் புகழ்பெற்ற இடங்கள் வருகின்றன. ஐந்தாவதில் மனிதர்கள். அவர்களில் வாளெடுத்தவர்களும் இருக்கிறார்கள், நூலெடுத்தவர்களும் இருக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் 1893 இல் திறக்கப்பட்ட உசுயி கணவாயின் இருபத்தாறு சுரங்கங்களுக்கூடாகப் புகையிரதம் ஓடுகிறது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். எல்லா ஊர்ப் பாட்டுகளிலும் மலையும் ஆறும் வரத்தானே செய்யும்? விசேஷம் பங்கீட்டில் இருக்கிறது. இன்றைய நகானோ இரண்டு துண்டுகளை ஒட்டியதால் உண்டானது. மத்சுமோத்தோவைத் தலைநகராகக் கொண்டிருந்த சிக்குமா மாகாணம் 1876 இல் கலைக்கப்பட்டு, அதன் பெரும்பகுதி வடக்கேயிருந்த நகானோவுடன் இணைக்கப்பட்டது. தலைநகரை இழந்த மத்சுமோத்தோ மக்களின் மனக்குறை நெடுங்காலம் ஆறவில்லை. பாட்டை எழுதிய அசாய் அந்த மத்சுமோத்தோவில் பிறந்தவர். அங்கிருந்த சாமுராய்க் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். அவர் கற்பித்ததோ நகானோ நகரில். தன் ஊரை மட்டும் உயர்த்தி எழுத அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால் அவர் நான்கு சமவெளிகளையும் ஒரே மூச்சில், ஒரே அளவில் சொன்னார். அவர் பாடிய மனிதர்களும் ஒருவர் கீசோ, ஒருவர் இனா, ஒருவர் இய்தா, ஒருவர் மத்சுஷிரோ என்று திசைக்கொருவராக அமைந்தனர். பெண் ஒருத்தியும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தப் பங்கீடும் யாரையோ மறந்துவிடுகிறது.

இந்தப் பங்கீட்டின் பலன் ஒருநாள் வெளிப்பட்டது. 1948 இல் மாகாணத்தை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்ற கோரிக்கை வலுத்து, மாகாண சபைக்கே வந்தது. மார்ச் மாதத்தில் சபையில் விவாதம் சூடேறியிருந்த வேளை, பார்வையாளர் பகுதியிலிருந்த மக்கள் இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். பிரிவினை நடக்கவில்லை. பாட்டு மட்டுந்தான் அதைத் தடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அரசியலில் கணக்குகள் பல. ஆனாலும் ஓர் ஆசிரியன் பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் சொல்லிக் கொடுக்க எழுதிய பட்டியல், ஐம்பது வருடங்கள் கழித்து ஒரு சபை நடுவே எழுந்து நின்றிருக்கிறது. தன் சமவெளியின் பெயருக்குப் பக்கத்தில் மற்றவன் சமவெளியின் பெயரையும் சின்ன வயதிலிருந்தே உச்சரித்துப் பழகிய வாய்களுக்கு, அவற்றைப் பிரித்துச் சொல்வது சிரமமாக இருந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் எனது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று பாட்டை எழுதத் தொடங்கியிருப்பேன். ஊர்ப்பற்று நல்லது, அது மனிதரைச் சேர்த்து வைக்கிறது என்று முடித்திருப்பேன். ஆனால் 1900 இலிருந்து 1948 வரையுள்ள இடைவெளியில் அதே மண்ணில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

அதற்கு முன் எமது மரபு இவ்விடயத்தில் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். தாயகத்தை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்ற கருத்தில் ஒரு வாசகம் எமது மேடைகளில் ஹதீஸாகவே அடிக்கடி சொல்லப்படுகிறது. ஹதீஸ்கலை அறிஞர்கள் அதனை நபிமொழியல்ல, இட்டுக்கட்டப்பட்டது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எனவே ஊர்ப்பற்றை நேரே ஈமானில் கொண்டுபோய்க் கட்டிவிட முடியாது. அதேவேளை நேசம் தவறென்றும் எவரும் சொல்லவில்லை. மக்காவை விட்டு வெளியேறும்போது நபிகளார் (ஸல்) அந்த நகரைப் பார்த்து, பூமியில் அதுவே தமக்கு மிகப் பிரியமானதென்றும், வெளியேற்றப்பட்டிராவிட்டால் தாம் வெளியேறியிருக்கமாட்டார் என்றும் கூறியதைத் திர்மிதி பதிவுசெய்கிறது. மதீனாவில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரழி) அவர்கள் மக்காவின் புல்லையும் மலைகளையும் நினைத்து ஏங்கிக் கவிதை சொன்னதை புகாரியில் காண்கிறோம். அவரை வதைத்த ஊரும் அதுதான். சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் கல்லேற்றிய அந்த ஊரின் புல்லுக்காக அவர் ஏங்குகிறார். அந்த ஏக்கத்தை நபிகளார் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எமக்குப் பிரியமாக்கு என்று துஆச் செய்தார்கள். ஒரு நேசத்தை அழிக்காமல் அதன் பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் கேட்டார்கள்.

அஸபிய்யா எனப்படும் குலவெறி பற்றியும் ஓர் அறிவிப்பு உண்டு. ஒருவன் தன் கூட்டத்தை நேசிப்பதும் அஸபிய்யாவா என்று நபிகளாரிடம் கேட்கப்பட்டது. அல்ல, தன் கூட்டத்துக்கு அநியாயத்தில் துணைபோவதே அஸபிய்யா என்ற கருத்தில் அவர்கள் பதில் கூறியதாக இப்னு மாஜாவில் வருகிறது. எனது கேள்விக்கு இதுவரை நான் கண்டவற்றில் மிகத் தெளிவான கோடு இதுதான். நேசம் குற்றமல்ல. நேசத்தின் பெயரால் எங்கே துணைபோகிறோம் என்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. ஆனால் அந்த எல்லையைக் கடந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒருவன் அதை அறிவானா? நகானோவின் கதை என்னை உறுத்துவது இங்கேதான்.

பாட்டில் பெருமையோடு சொல்லப்பட்ட பட்டுத்தான் அந்த மாகாணத்தின் சோறு. பட்டு நூலைப் பெருமளவில் வாங்கியது அமெரிக்கா. 1929 இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது பட்டின் விலையும் சரிந்தது. மலையடிவாரத்தில் துண்டு துண்டான காணிகளை வைத்துக்கொண்டு புழு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் கடனில் மூழ்கின. ஜப்பானிய இராணுவம் சீனாவின் வடகிழக்கைக் கைப்பற்றி 1932 இல் மஞ்சூக்குவோ என்ற பொம்மை அரசை அமைத்தது. அங்கே விவசாயிகளைக் குடியேற்றும் வேலை ஆரம்பமாயிற்று. இருபது ஆண்டுகளில் பத்து இலட்சம் குடும்பங்களை அனுப்புவதென்று 1936 இல் அரசு திட்டமிட்டது. 1945 வரை ஜப்பான் முழுவதிலுமிருந்து போனவர்கள் ஏறத்தாழ 270,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 33,000 பேர் நகானோ மாகாணத்தவர். வேறெந்த மாகாணமும் இவ்வளவு பேரை அனுப்பவில்லை.

கிராமங்களையே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அனுப்பும் முறையும் உருவானது. அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது நகானோவின் ஒஹினாத்தா என்ற மலைக்கிராமம். அதைப் பற்றி 1939 இல் நாவல் வந்தது. 1940 இல் திரைப்படமும் வந்தது. ஜிலின் மாகாணத்தில் அவர்கள் குடியேறிய இடத்துக்கும் ஒஹினாத்தா என்றே பெயர் வைத்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரின் பெயரைக் கையோடு கொண்டுபோனார்கள். அது மனித இயல்பு. அதில் நெகிழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நட்ட மண் வெறும் மண்ணல்ல. குடியேறியோருக்குக் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி, சீன விவசாயிகளும் கொரிய விவசாயிகளும் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த நிலம். அற்ப விலைக்கு, மறுக்க முடியாத நிலையில், அவர்களிடமிருந்து வாங்கப்பட்டது. அந்த வயல்களுக்கும் வரப்புகளுக்கும் அவர்கள் ஏதோ பெயர் சொல்லித்தானே அழைத்திருப்பார்கள்? அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஓர் ஊர் இருந்திருக்கத்தானே வேண்டும்?

இதில் ஆசிரியர்களின் பங்கு என்ன? இதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். 1938 இல், பாட்டை எழுதிய அசாய் காலமான அதே வருடத்தில், பாடசாலையை முடிக்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களை மஞ்சூரியாவுக்கு அனுப்பும் இளைஞர் படைத் திட்டம் தொடங்கியது. அதற்கும் ஏனைய மாகாணங்களைவிட அதிகமாகப் பையன்களை அனுப்பியது நகானோவே. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களைத் தெரிந்தெடுத்தவர்களும், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தவர்களும் பெரும்பாலும் வகுப்பாசிரியர்கள்தான். ஒருகாலத்தில் மாகாணத்தின் புவியியலைப் பாட்டாக்கக் கேட்ட அதே கல்விச் சங்கம் இந்த வேலையிலும் முன்னின்றது.

அவர்களைத் தீயவர்கள் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1933 பெப்ரவரியில், அந்த மாகாணத்தில் இடதுசாரிகளைத் தேடிய பெரும் கைது வேட்டை நடந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அதில் பிடிபட்டார்கள். நகானோவின் ஆசிரியர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அதன் பின்னர் கல்விச் சமூகம் தனது விசுவாசத்தைக் காட்டத் துடித்தது. அச்சம் ஆசிரியரையும் மாற்றும். அதோடு வறுமையும் சேர்ந்துகொண்டது. மூத்த மகனுக்கே காணி போதாத வீட்டில் இரண்டாவது, மூன்றாவது மகன்களுக்கு என்ன வழி? அங்கே போனால் காணி கிடைக்கும் என்று சொன்ன ஆசிரியர் தன் மாணவனுக்கு நன்மை செய்வதாகவே நம்பியிருக்கக்கூடும். அந்தக் காணி யாருடையது என்று கேட்கத்தான் எவரும் அவரைப் பயிற்றுவிக்கவில்லை. அவர் கற்ற புவியியல் மாகாண எல்லையோடு முடிந்துவிட்டது.

இதே மாகாணத்தின் இனா பள்ளத்தாக்கில் இரண்டு கிராமத் தலைவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

ஒருவர் ஸஸாக்கி ததட்சுனா. ஒஷிமோஜோ என்ற கிராமத்தின் தலைவர். 1938 இல் மஞ்சூரியாவுக்குப் பார்வையிட அனுப்பப்பட்டார். போய்ப் பார்த்தவர், குடியேற்றக் காணிகள் சீன விவசாயிகளிடமிருந்து எடுக்கப்பட்ட விளைநிலங்கள் என்பதைக் கண்டார். குடியேறிய ஜப்பானியர் அவர்களை நடத்திய விதத்தையும் கண்டார். திரும்பி வந்து, நெருக்குதல்கள் இருந்தும், தன் கிராமத்தைப் பிளந்து அனுப்ப மறுத்தார். இளமையில் அவர் அந்தப் பள்ளத்தாக்கில் 1920களில் நடந்த சுதந்திரக் கல்லூரியில் கற்றவர். பட்டம் தராத, கிராமத்து இளைஞர்கள் குளிர்காலத்தில் கூடிப் பேராசிரியர்களிடம் மெய்யியலும் பிறவும் கேட்ட ஓர் ஏற்பாடு அது.

மற்றவர் குருமிஸாவா மோரி. காவானோ கிராமத்தின் தலைவர். அவரும் படித்தவர், நாட்குறிப்பு எழுதியவர், கிராமத்தின் நலனை நாடியவர். தயங்கித் தயங்கிக் கடைசியில் இணங்கினார். போரின் கடைசிக் கட்டத்தில் அவரது கிராமத்தவர் மஞ்சூரியா போனார்கள். 1945 ஓகஸ்ட் 9 ஆம் திகதி சோவியத் படைகள் நுழைந்தன. திடகாத்திரமான ஆண்கள் பலர் ஏற்கெனவே படைக்குப் பிடிக்கப்பட்டிருந்தனர். எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். இராணுவம் அவர்களைக் கைவிட்டுப் பின்வாங்கியது. காவானோவிலிருந்து போனவர்களில் 73 பேர், ஜப்பான் சரணடைந்த மறுநாள், கூட்டாக உயிரிழந்தார்கள். தாய்மார் தம் பிள்ளைகளை முதலில் அனுப்பிவைத்தார்கள். செய்தியறிந்த குருமிஸாவா 1946 யூலையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவர் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். என் வயதுதான்.

இருவருக்கும் ஊர்ப்பற்று இருந்தது. யாருடையது அதிகம் என்று அளக்க எனக்குத் துணிவில்லை. இருவரும் ஒரே பள்ளத்தாக்கு. ஒரே மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரே பாட்டு ஒலித்த பிரதேசத்தவர்கள். எனவே பாட்டு இருவரையும் வேறுபடுத்தவில்லை. வேறுபடுத்தியது, ஸஸாக்கி பிறர் வயலில் நின்று அதை வயலாகக் கண்டதுதான். அங்கே போய் வந்த பார்வையாளர் பலர் கண்டது பரந்த வெற்று நிலத்தை. அவர் கண்டது ஒருவனுடைய உழவை.

உலகம் முழுவதையும் சமமாக நேசித்தால் இந்தப் பிரச்சினையே வராது, ஊர் ஊர் என்று கட்டிக்கொண்டு அழுவதால்தான் இத்தனை கேடும் என்று ஒரு வாதம் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படி நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. எந்த ஊரையும் நேசிக்காதவனுக்கு வயல் என்பது ஏக்கர் கணக்கு மட்டுந்தான். டோக்கியோவில் மேசையில் தேசப்படத்தை விரித்துப் பத்து இலட்சம் குடும்பங்கள் என்று எழுதியவர்களுக்கு ஒஹினாத்தாவும் புள்ளி, ஜிலினும் புள்ளி. தன் வரப்பை அறிந்தவனால்தான் அடுத்தவன் வரப்பின் பெறுமதியை உணர முடியும். ஆகவே ஊர்ப்பற்று என்பது அறம் அல்ல, அறத்துக்கான அரிச்சுவடி. அரிச்சுவடியோடு நின்றுவிட்டவன் படித்தவனல்ல. "எனக்கு என் ஊர் எப்படியோ, அவனுக்கு அவன் ஊர் அப்படி" என்ற அடுத்த வாசகத்தை வாசிக்கும்போதுதான் அது நற்பண்பாகிறது. அல்லாஹ் மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று சூரத்துல் ஹுஜுராத் கூறுவதன் பொருளும் இதுவே என்று நான் விளங்கிக்கொள்கிறேன். பிரிவுகள் அறிமுகத்துக்கான வாசல்கள்.

ஹிஜ்ரத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஊரிழந்து வந்த முஹாஜிர்களுக்குத் தமது ஈச்சந்தோட்டங்களைப் பங்கிட்டுத் தர அன்ஸார்கள் முன்வந்தார்கள். நபிகளார் அதை ஏற்கவில்லை. மரங்கள் உரியவர்களிடமே இருக்க, வந்தவர்கள் உழைப்பில் பங்குகொண்டு விளைச்சலில் பங்குபெறும் ஏற்பாடே நடந்தது. மனமுவந்து தரப்பட்ட நிலத்திலேயே இவ்வளவு பேணுதல் இருந்தது. ஊரில்லாதவனுக்கு ஊர் வேண்டும் என்பது நியாயம். அதற்காக இன்னொருவனை ஊரில்லாதவனாக்குவது நியாயமாகாது. இந்த இரண்டுக்குமிடையிலுள்ள வித்தியாசத்தை ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை.

அதே மாகாணத்திலிருந்து பிறந்த இன்னொரு பாட்டும் இருக்கிறது. "ஃபுருஸாத்தோ", அதாவது பிறந்த ஊர். 1914 இல் ஜப்பானியக் கல்வியமைச்சு வெளியிட்ட ஆறாந்தரப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. அதன் சொற்களை எழுதியவராக அறியப்படும் தகானோ தத்சுயுக்கி நகானோவின் வடக்கே ஒரு கிராமத்தில் 1876 இல் பிறந்தவர். அவரும் அதே ஆசிரியர் கலாசாலையில் கற்றவர். ஒரு பட்டியலும் அதில் இல்லை. ஓரிடத்தின் பெயர்கூட இல்லை. குன்று, ஓடை, பெற்றோர், நண்பர், என்றாவது எண்ணியதை முடித்துத் திரும்புவேன் என்ற நினைப்பு. அவ்வளவுதான். பெயரில்லாததால் அது எல்லோருக்கும் பொருந்துகிறது. 1998 இல் நகானோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது ஜப்பானிய அணி "ஷினானோ நோ குனி"யின் இசையோடு மைதானத்துக்குள் வந்தது. நிறைவு விழாவில் "ஃபுருஸாத்தோ" பாடப்பட்டது. 2011 சுனாமிக்குப் பின்னர் ஊரிழந்தவர்கள் மத்தியிலும் அது ஒலித்தது. பெருமைக்கு ஒரு பாட்டும் ஏக்கத்துக்கு ஒரு பாட்டும் ஒரே கலாசாலையின் வாசலிலிருந்து வந்திருக்கின்றன. ஏக்கம் பெருமையைவிடப் பணிவானது. தன் ஊருக்காக ஏங்குகிறவன் பிறர் ஏக்கத்தையும் எளிதில் அடையாளம் காண்பான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மஞ்சூரியக் குளிரில் ஊரை நினைத்து அழுத பையன்கள், தாம் நின்ற நிலத்தின் பழைய சொந்தக்காரனை நினைத்தார்களா? ஏக்கமும் தானாகக் கண்திறந்துவிடுவதில்லை.

கண்திறந்த ஓர் ஆசிரியரின் பெயரையும் சொல்ல வேண்டும். யமமோத்தோ ஜிஷோ, அச்சி என்ற கிராமத்துப் பௌத்த ஆலயத்தின் குரு. 1945 இல் குடியேறிகளோடு ஆசிரியராக மஞ்சூரியா போனார். குடும்பத்தை அங்கே இழந்தார். சைபீரியச் சிறையிருப்புக்குப் பின் தனியனாகத் திரும்பினார். போர்க்காலத்தில் தென்ரியூ ஆற்றின் ஹிராஒக்கா அணைக்கட்டு வேலைக்குச் சீனர்கள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். தென்ரியூ அந்தப் பாட்டில் வரும் ஆறுகளில் ஒன்று. அங்கே மாண்ட சீனத் தொழிலாளரின் எச்சங்களைத் திரட்டித் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணியில் யமமோத்தோ ஈடுபட்டார். பின்னர் சீனாவில் கைவிடப்பட்டு, சீனக் குடும்பங்களால் வளர்க்கப்பட்ட ஜப்பானியப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தன் வாழ்நாளைச் செலவிட்டார். எதிரியின் பிள்ளையை எடுத்து வளர்த்த அந்தச் சீனத் தாய்மாரிலும் காணியை இழந்தவர்கள் இருந்திருக்கலாம். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பாட்டிலும் இல்லை.

அதே அச்சி கிராமத்தில் 2013 இல் மஞ்சூரியக் குடியேறிகளுக்கான நினைவு நூதனசாலை திறக்கப்பட்டது. போனவர்களின் துயரத்தோடு, அவர்கள் எவருடைய மண்ணில் குடியேறினார்கள் என்பதையும் அது சொல்கிறது. "ஷினானோ நோ குனி"யின் நான்காம் சரணத்தில், மெட்டு மெதுவாகும் அந்த இடத்தில் வரும் ஸோனோஹரா அச்சி கிராமத்துக்குள்தான் இருக்கிறது. பெருமைக்குரிய இடமும் வெட்கத்தை நினைவூட்டும் இடமும் ஒரே கிராமத்தில். ஊரை உண்மையாக நேசிப்பவர்கள் இரண்டுக்கும் பெயர்ப்பலகை வைப்பார்கள் போலும்.

இனி அதிபர் கேட்ட பாட்டு. அசாயைப் போல நானும் பட்டியலிலிருந்து தொடங்கினேன். குளம், வயல், பள்ளிவாசல், பழைய மருதமரம். எழுதி முடித்து வாசித்தபோது ஒன்று தெரிந்தது. எங்கள் குளத்துத் தண்ணீரில்தான் அக்கரையிலுள்ள தமிழ்க் கிராமமும் விதைக்கிறது. அவர்களும் அதை "எங்கட குளம்" என்றுதான் சொல்கிறார்கள். அழைப்பது வேறொரு பெயரால். இருபது வருடங்களாகக் கற்பிக்கிறேன். "எனது கிராமம்" என்று எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். அந்த மற்றப் பெயரை ஒரு பிள்ளையாவது எழுதியதில்லை. நான் சொல்லிக் கொடுக்கவுமில்லை.

இரண்டு பெயர்களையும் சேர்த்து முதல் சரணத்தைத் திருத்தி எழுதினேன். மெட்டுக்கு அது சற்று இடிக்கிறது. அதிபர் வாசித்துவிட்டு, "இந்தப் பேரு நமக்குத் தேவையா மாஸ்டர்?" என்று கேட்டார். தேவை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மேசைக்குள் வைத்தார். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.